கடைசி ஆளுக்குப் பின்னால்

பிற்பகல் மூன்று மணிக்கும் கீழக்குயில்குடிச் சாலையில் தார் இளகிக் கிடந்தது. போன வருடப் போட்டியில் ஒருவர் மூழ்கிப்போன கண்மாயில் காலையில் நீந்தி, பிறகு சைக்கிள் மிதித்து, இப்போது ஹம்சவேணி ஓடிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குள் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும்.

கடைசியாக ஓடுபவருக்குப் பின்னால் மருது டிவிஎஸ் 50-இல் வருவான். முடியாதவர்களை ஏற்றிக்கொள்வான். போன வருடம் அவளை ஏற்றிக்கொண்டான். இந்த வருடமும் அவள்தான் கடைசி.

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"மருது, செத்தாலும் ஏறமாட்டேன். சும்மா வா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியும் நெருங்கவில்லை.

பத்து நிமிடம் மீதமிருக்க எல்லைக்கோட்டைத் தாண்டினாள். போட்டி நடத்தும் வெங்கடேஷ்பாபு அவள் கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்டு, எல்லைக்கோட்டுக்கு மேலே கட்டியிருந்த பேனரின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

மருது சில நிமிடம் கழித்து வந்தான். வண்டியை மெல்ல விட்டு, கால்களைத் தரையில் தேய்த்தபடி வந்து, கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்றான்.

"ஏன்டா இம்புட்டு நேரம்? அக்கா அப்பவே வந்துட்டாங்க" என்றார் வெங்கடேஷ்பாபு.

"அக்காவுக்குப் பின்னாடி இவரு ஓடி வந்தாருல்லண்ணே. எம்புட்டோ கூப்பிட்டேன், வண்டியில ஏறமாட்டேங்கிறாரு."

வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை. கொதிக்கும் தாரில் இரண்டு ஈரப் பாதத்தடங்கள் அருகருகே இருந்தன. அவை காயவில்லை.

வெங்கடேஷ்பாபு கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவர் கையிலிருந்த கயிற்றை ஹம்சவேணி பிடுங்கி, இறுக்கிக் கட்டினாள். பிறகு சாலையைப் பார்த்துச் சொன்னாள்.

"நடந்தாவது வாங்கண்ணே. பத்தடிதான்."