காக்கைக்கு வைத்த முளைப்பயறு

உடம்புக்கும் நல்லது, கேஸும் மிச்சம் என்று ஏகாம்பரம் வீட்டில் எல்லோரும் சமைக்காத பச்சைக் காய்கறிக்கும் முளைப்பயறுக்கும் மாறியிருந்தார்கள். அமாவாசையன்று மாடியில் காக்கைக்கும் முளைப்பயறுதான் வைத்தார்கள்.

“சோறு எங்கே, வடை எங்கே?” என்றது காகம்.

“கட்டுப்படியாகலையாம். சீக்கிரம் கொத்துப்பா. நீ வாய் வைச்சாத்தான் அவங்க சாப்பிட முடியும்,” என்றது அணில்.

“இதையா? நான் என்ன கோழியா?”

மணி இரண்டாகியும் காகம் தொடவில்லை. “மாமாவுக்கு நம்ம மேல கோபம்,” என்று ஏகாம்பரத்தின் மனைவி கலங்கினாள்.

“அப்பாவுக்கு வடைன்னா உயிராச்சே,” என்று ஏகாம்பரம் கடைக்கு ஓடி எட்டு வடை வாங்கிவந்தார். காகம் தின்றது ஒன்று. மற்றதெல்லாம் வீட்டுக்குள் போயிற்று.

மறுநாள் அமாவாசை இல்லை. ஆனாலும் ஏகாம்பரம் முளைப்பயறோடு மாடியேறிக் காகத்தைக் கூப்பிட்டார். நல்ல பசி, காகம் அலகை நீட்டியது.

“கொத்திடாதீங்கப்பா,” என்றார் அவர் மெதுவாக.