லைல் பர்க்கெட்டின் மூன்று நிமிடம்

லைல் பர்க்கெட் மைக் முன்னால் வந்து நின்றான். நான் பச்சை விளக்கைப் போட்டேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் வாரியத்தின் கூட்டத்தில் யார் பேசினாலும் மூன்று நிமிடம்தான். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும், சிவப்பு வந்தால் போய் உட்கார வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த விளக்குப் பெட்டியும் கூட்டக் குறிப்பேடும் என் பொறுப்பு.

முதலில் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் கேட்டதும், கூட்டம் நடந்த பள்ளி விளையாட்டுக் கூடம், எங்கள் ஜிம்மே சிரித்தது. லைல் யாரென்று தெரியாதவர் எங்கள் ஊரில் உண்டா? தொண்ணூற்றாறில், பள்ளி ஃபுட்பால் இறுதியாட்டத்தின் கடைசி நான்கு நொடியில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மாநிலக் கோப்பையை வாங்கித் தந்தவன். சுவரில், அவன் தலைக்கு நேர் மேலே, அவன் படம் தொங்குகிறது.

“லைல் பர்க்கெட். மில் ரோடு, நாப்பத்தொண்ணு.”

கைதட்டல் அடங்கவே இருபது நொடி ஆனது.

அவனுக்கு முன்னால், தலைநகரத்திலிருந்து வந்த கார்வர் அம்மாள் நாற்பது நிமிடம் திரையில் படம் போட்டுப் பேசியிருந்தார். எங்கள் ஊரில் ஒரு சார்ட்டர் பள்ளி திறக்க வாரியம் அனுமதி தர வேண்டும். அரசுப் பணத்தில்தான் நடக்கும், ஆனால் எங்கள் வாரியத்தின் பிடியில் இருக்காது. எங்கள் மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை என்று ஒரு படம் காட்டினார். கூட்டம், வாசலில் சில அம்மாக்கள் விற்ற ஹாட் டாக்கைத் தின்றுகொண்டிருந்தது.

புதிய பள்ளியில் ஃபுட்பால் அணி இருக்காது என்றது அடுத்த படம். அடேயப்பா! ஹாட் டாக் எல்லாம் அப்படியே நின்றுபோயிற்று.

“ஃபுட்பால் இல்லாத பள்ளிக்கூடமா? அப்ப வெள்ளிக்கிழம சாயந்தரம் நாங்கல்லாம் எங்கம்மா போறது?” என்று பின்வரிசைக்காரர் ஒருவர் எழுந்தே விட்டார்.

நியாயமான கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிள்ளைகள் அங்கே போய்விட்டால் இங்கே பதினோரு பேராவது தேறுவார்களா என்பதுதான் ஊரின் கவலை.

வாரியத் தலைவர் ஹக்கின்ஸ் முப்பது வருடம் எங்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். ஊருக்கு அவர் இன்றும் கோச்தான். கூட்டம் தொடங்கும் முன்பே லைல் கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டார்.

“டேய் லைல், மைக் முன்னால நின்னு இத அப்படியே படிச்சிடு. மத்தத ஊரு பாத்துக்கும்.”

லைல் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவன். வேலை, வாரியம் போட்டுக் கொடுத்தது. அதோடு, கோச் சொல்லி அவன் மறுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

தாளில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். தட்டச்சு செய்தவளே நான்தான். ‘இந்தப் பள்ளிதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது’ என்று தொடங்கும். கோச் சொன்னது நாலு வரி. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

கோச் நகர்ந்ததும் லைல் என் மேஜைக்கு வந்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் டெஸ்ஸா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ரொண்டா, அந்தப் பள்ளிக்கூடம் வந்தா இவளுக்கு எடம் கெடைக்குமா? பக்கத்துலயே ஒக்காந்து சொல்லித் தருவாங்களாமே?”

“கெடைக்கும். மொதல்ல அது வரணுமே” என்றேன்.

தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அதைத்தான் இப்போது மைக் முன்னால் விரித்துப் பிடித்திருந்தான்.

ஒரு நிமிடம் போயிற்று. அவன் வாயே திறக்கவில்லை. தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் விளக்கைப் பார்த்தேன்.

“பாவம், அவனுக்குப் பேச்சே வரலியே” என்று யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவ்வளவுதான், ஹாட் டாக் விற்ற அம்மாக்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். மஞ்சள் எரிந்தது. கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூடத்தின் மேல் பாசம் என்றால் இதுவல்லவா பாசம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

கார்வர் அம்மாள் மட்டும் லைலையே உற்றுப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெதுவாகத் தன் மடிக்கணினியை மூடினார்.

சிவப்பு. ஜிம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

ஐந்துக்குப் பூஜ்யம். சார்ட்டர் பள்ளி வேண்டாம் என்று வாரியம் ஒரே குரலில் சொல்லிவிட்டது. ‘திரு. லைல் பர்க்கெட் நம் பள்ளிகளுக்கு ஆதரவாகப் பேசினார்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். வேறென்ன எழுதித் தொலைய?

“நம்ம பள்ளிக்கூடத்துக்கு நீதாண்டா சாட்சி!” என்று கோச் அவனைக் கட்டிக்கொண்டார். நடிப்பு இல்லை. மனுஷர் பழசை எல்லாம் சுத்தமாக மறந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் லைல் டெஸ்ஸாவோடு வந்தான். தாளை என் முன்னால் வைத்து நீவிவிட்டான்.

“நீ எழுதினதாத்தான் இருக்கும். நல்லாவும் இருந்திருக்கும். என்ன எழுதியிருந்த, ரொண்டா?”

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பரீட்சை முடிந்து வெளியே வரும்போதும் என்னிடம் இதையேதான் கேட்பான். கோச் என்னை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, என் பெயருக்கு ஒன்று, அவன் பெயருக்கு ஒன்று என்று என்னிடமே இரண்டு விடைத்தாள் கொடுத்த காலம் அது.

டெஸ்ஸா தாளை எடுத்துப் பார்த்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். விரல் முதல் சொல்லைத் தாண்டவில்லை.

பிறகு அவளும் என்னைப் பார்த்தாள்.