அட்வைசர் கையெழுத்து

“இந்த போட்டோவுல உன்ற இடது காது எங்கே?”

அம்புஜம் மேடம் கேட்டதும் உதய் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“இருக்குதுங்க மேடம்.”

“தலையில இருக்குது. போட்டோவுல இல்லையே? ரெண்டு காதும் தெரியணும்னு ஃபாரத்துக்குப் பின்னால போட்டிருக்குதே, படிக்கலியா? வேற போட்டோ ஒட்டிக்கிட்டு வா.”

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. ஐந்தாவது செமஸ்டருக்குப் பாடம் பதிய முதல் ஆளாக வந்து நின்றவன் அவன்தான். அட்வைசர் கையெழுத்து இல்லாமல் ஆபீஸில் ஃபாரத்தை வாங்க மாட்டார்கள். பிசிக்ஸ் மூன்றாம் வருடம் நாற்பது பேருக்கும் அட்வைசர் அம்புஜம் மேடம்.

அடுத்து நின்ற பவனின் ஃபாரத்தில் சரக்கென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். பவனின் போட்டோவில் கண்ணே மூடியிருந்தது!

உதய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியாது.

தினமும் மூன்று மணிக்கு அவன் சிங்காநல்லூரில் அங்கப்பனின் பட்டறையில் இருக்க வேண்டும். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற வேலை. அந்தச் சம்பளம் நின்றால் அடுத்த நாளே படிப்பும் நின்றுவிடும். ஆனால் படிக்கும்போது வேலைக்குப் போகக் கூடாது என்பது காலேஜ் விதி. சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். தெரிந்தால் டி.சி.தான்.

அன்று ஸ்டுடியோவில் காத்திருந்து, பட்டறைக்குப் போகும்போது மணி நாலரை.

செவ்வாய் சாயங்காலம்தான் போட்டோ வந்தது. இரண்டு காதும் முறம் மாதிரி தெரிந்தன. புதன்கிழமை அதை ஒட்டி எடுத்துக்கொண்டு போனான்.

மேடம் போட்டோவைப் பார்க்கவே இல்லை. “நீல மையில எழுதியிருக்கறே. கருப்பு மைதான் செல்லும்.”

“பவன் எழுதினதும் நீல மைதானுங்க மேடம்!”

“பவனுக்கு நீதான் அட்வைசரா?”

புது ஃபாரம் வாங்கி, கருப்பு மையில் எழுதி, போட்டோவைப் பிய்த்து ஒட்டி, அம்மாவின் கையெழுத்துக்காக வீட்டுக்கு ஓடி, திரும்பி வருவதற்குள் மேடம் கிளம்பிப் போயிருந்தார். கிளம்புவதற்கு முன்னால் ஏழு பேருக்குக் கையெழுத்துப் போட்டாராம். ஏழு பேரும் சிரித்துக்கொண்டே எதிரில் வந்தார்கள்.

அட்வைசர் என்றால் ஆலோசனை சொல்பவர் என்று காலேஜ் கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். இவர் சொல்கிற ஒரே ஆலோசனை ‘நாளைக்கு வா’ என்பதுதான்.

அன்றும் பட்டறைக்கு லேட். அங்கப்பன் எரிந்து விழுந்தார்.

“ஏனப்பா, மோட்டாரைப் போட்டுட்டுப் போனவங்க எல்லாம் என்ற கழுத்தைப் புடிக்கறாங்க. வாரதுன்னா மூணு மணிக்கு வா. இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடு, வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

“நாளையிலிருந்து சரியா வந்துருவேனுங்க.”

“இதையேதான் திங்கக்கிழமையும் சொன்னே.”

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடியும் மேடத்தின் அறை. ஃபாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இனி எதைச் சொல்வாரோ, மூக்கையா, முடியையா என்று உதய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“ஆபீஸ்ல காளிச்சாமிகிட்டப் போயி, நம்ம கிளாஸ்ல இதுவரைக்கும் எத்தனை பேர் பதிஞ்சிருக்காங்கன்னு கேட்டுட்டு வா.”

“மேடம், ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா...”

“கேட்டுட்டு வான்னு சொன்னேன்.”

மாடியிலிருந்து இறங்கி, மைதானத்தைத் தாண்டி, கிளார்க் காளிச்சாமி டீ குடித்து முடிக்கும்வரை நின்று, திரும்ப மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“இருபதுங்க மேடம்.”

அவ்வளவுதான். சரக்கென்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். நாலு நாள் அலைச்சல் நாலு நொடியில் முடிந்தது. நன்றி சொல்லக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. முதல் ஆளாக வந்தவன் இருபத்தொன்றாவது ஆளாகப் பதிந்தான்.

அடுத்த திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டின் முன்னால் ஒரே கூச்சல். பவன்தான் அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தான்.

“என்ன அநியாயம்டா இது! மொதல்ல பதிஞ்ச இருபது பேர் ஏ பேட்ச்சாம். தினமும் மத்தியானம் ரெண்டரையிலிருந்து அஞ்சரை வரைக்கும் கம்ப்யூட்டர் லேப். அப்புறம் பதிஞ்சவனுக்கெல்லாம் காலையில ஏழரைக்காம். மாத்தச் சொல்லி யாரும் வரக் கூடாதுன்னு வேற போட்டிருக்கான்!”

உதய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். பி பேட்ச்சில் முதல் பெயர் அவனுடையது. இரண்டு தடவை படித்தான். காலையில் லேப், மத்தியானம் பட்டறை. உடம்பெல்லாம் லேசாகிப் போனது.

திரும்பினால், வராந்தாவில் அம்புஜம் மேடம் வந்துகொண்டிருந்தார்.

“மேடம், எனக்கு பி பேட்ச்சுங்க.”

“சரி. ஏழரைன்னா ஏழரை. ஒரு நிமிஷம் பிந்தினாலும் வெளியேதான் நிக்கோணும்.”

அதே சிடுசிடுப்பு. நாலடி போனவர் நின்று, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பேட்ச் எப்படிப் பிரிக்கறாங்கன்னு எனக்குப் போன வாரமே தெரியும், வெளியே சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. உனக்கு மொதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தா, அங்கப்பன் பட்டறையில எங்கூட்டு கிரைண்டர் மோட்டாருக்கு யாரு காயில் கட்டறது, கண்ணு?”