அபிக்கு வேர்க்குதாம்

"உச்சியே தெரியலியேம்மா, வெறும் மேகமா இருக்குது" என்றாள் அபி, போனுக்குள்ளிருந்து.

"இருடி, விலகும். லைன்லயே இரு."

திரௌபதி மொட்டைமாடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, போனை மலைக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

கார்த்திகை தீபம். கோயில் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு ஓய்ந்துவிட்டது. ஏற்றியாயிற்று என்று ஊருக்கே தெரியும். ஆனால் மழை மேகம் உச்சியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, நகர்வேனா என்றது.

தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. இந்த வீட்டு அகல்கள் மட்டும் எண்ணெயும் திரியுமாகக் காத்திருந்தன. மலைத் தீபத்தைக் கண்ணால் பார்க்காமல் குச்சி உரசுகிற வழக்கம் திரௌபதிக்குக் கிடையாது.

"டிவில காட்டிட்டான்டி. அதப் பாத்து ஏத்தேன்" என்று கீழேயிருந்து கத்தினார் அவள் புருஷன் பலராமன்.

"டிவில பாக்கறதுக்கு இன்னாத்துக்கு இந்த ஊர்ல குடியிருக்கணும்? மெட்ராசுலயே இருந்துட்டுப் போலாமே?"

அபி சிரித்தாள். சிரிப்பிலேயே பல் தந்தியடித்தது.

அவள் சுவீடனில் படிக்கிறாள். நாலு நாள் லீவு கிடைத்ததும் கூடப் படிக்கிறவர்களோடு அந்த நாட்டின் வடகோடிக்குப் போயிருந்தாள். இந்த மாதம் அங்கே சூரியனே எழுந்து வராதாம். மத்தியானமே ராத்திரி. தங்கியிருந்த மரவீட்டில் சிக்னல் இல்லை. மற்றவர்கள் நாய் வண்டியில் சவாரி போய்விட, இவள் தீபம் பார்க்கவென்று தனியாக நடந்து, உறைந்து கிடந்த ஏரியின் நடுவில் வந்து நின்றிருந்தாள்.

"குளிர் ஜாஸ்தியாடி?"

"உதறுதும்மா. மூக்கு இருக்குதான்னே தெரியல. நான் உள்ள போறேனே? நாளைக்கும் எரியுமில்ல, நாளைக்குப் பாத்துக்கறேன்."

"மொத நாள் பாக்கறதும் மறுநாள் பாக்கறதும் ஒண்ணாடி? அஞ்சே நிமிஷம். தோ, விலகுது பாரு."

மேகம் கொஞ்சம் கிழிந்தது. உடனே மூடிக்கொண்டது.

அஞ்சே நிமிஷம், அஞ்சே நிமிஷம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் போயிற்று.

இடையில் போனைத் திருப்பி மகளைப் பார்த்துக்கொண்டாள். அபியின் முகம் நீலம் பாரித்துத் தெரிந்தது. பனி வெளிச்சம் அப்படித்தான் காட்டும் போலிருக்கிறது.

"உதறல் நின்னுட்டுதும்மா."

"பாத்தியா? சாமிய நம்பி நின்னா எல்லாம் நிக்கும்."

அபி ஏதோ சொன்னாள். ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே வெகுநேரம் ஆயிற்று.

"இன்னாடி, வாயில வெத்தல அடக்கின மாதிரி பேசற?"

"தூக்கம்... தூக்கமா வருது."

"தீபம் பாக்காம தூங்கினியோ, கொன்னுடுவேன்."

அதற்கும் சிரித்தாள் அபி. பிறகு தெளிவாக, குழந்தை மாதிரிச் சொன்னாள்:

"அம்மா, இப்போ குளிரே இல்ல. வேர்க்குதும்மா. கோட்டக் கழட்டிட்டேன்."

திரௌபதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இங்கே சாமி நெருப்பாக நிற்கிறவர் அல்லவா? எங்கோ பனியில் நிற்கிற பிள்ளைக்கு இங்கிருந்து அனல் போயிருக்கிறது!

இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். மாடியின் மறு மூலையில் இங்கிரிட் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மாடி அறையில் குடியிருக்கும் நார்வேக்காரி. ஊர்க் குளிருக்குத் தப்பி வருஷா வருஷம் இங்கே வருகிறவள். வந்து வந்து தமிழும் பேசுவாள்.

"இங்கிரிட்டம்மா! கேட்டீங்களா சேதிய? எம் பொண்ணு உங்க ஊர்ப் பக்கந்தான் பனியில நிக்கறா. அவளுக்கு வேர்க்குதாம்! எல்லாம் அவரு மகிமை!"

மகிமை என்ற சொல் காதில் விழுந்தாலே கைகூப்புகிறவள், கைகூப்பவில்லை. கண்ணை மட்டும் திறந்தாள்.

"கூட யாரு?"

"யாருமில்ல, தனியாதான்."

"கோட்?"

"கழட்டிட்டாளாம்! அவ்ளோ சூடு."

இங்கிரிட் எழுந்து வந்த வேகத்தில் சால்வை கீழே விழுந்தது. திரௌபதியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது சூடு இல்ல. எங்க ஊர்ல பனியில சாகறவங்க, கடைசியில இப்படித்தான் துணி கழட்டுவாங்க."

திரௌபதிக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"எந்த ஏரி? பேர் சொல்லுங்க, நான் அங்க போலீசக் கூப்பிடறேன். ஏரி பேர் என்ன?"

திரௌபதி பேர் கேட்டுக்கொள்ளவில்லை. தீபத்தைப் பற்றித்தான் பேசினாள், ஒரு மணி நேரமும்.

போனை வாயோடு அழுத்திக்கொண்டு கத்தினாள். "அபி! கோட்டப் போடுடி! தீபமும் வேணாம், ஒண்ணும் வேணாம், உள்ள ஓடுடி கண்ணு! அது எந்த ஏரிடி? பேரச் சொல்லுடி!"

கீழேயிருந்து பலராமன், "இன்னாடி ஆச்சு?" என்று படியேறி வரும் சத்தம் கேட்டது.

போனில் காற்று மட்டும் வீசியது. அப்புறம் அபியின் குரல் வந்தது. துளி அவசரமில்லாத குரல்.

"தெரியுதும்மா. தீபம் தெரியுது. எவ்ளோ பெருசு."

போன் திரௌபதியின் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கியிருந்தது. மலையையே காணவில்லை.