முப்பத்தொன்றாம் வில்லை

"முப்பத்தொண்ணு இன்னும் சிவப்பாவே தொங்குது!" என்றாள் கப்பல் பணிப்பெண் இங்கா.

கப்பலின் ஏணி வாசலில் ஒரு பலகை. அதில் பயணிகளுக்கு ஆளுக்கொன்றாக எண் போட்ட நாற்பத்தெட்டு வில்லைகள். தீவுக்கு இறங்கும்போது அவரவரே சிவப்புப் பக்கத்தைத் திருப்ப வேண்டும், திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கத்தை. இப்போது நாற்பத்தேழு வெள்ளை, ஒன்று மட்டும் சிவப்பு.

"திருப்ப மறந்திருப்பாங்க, இன்னிக்குத்தானே முதல் நாள்," என்றார் படகோட்டி எர்லண்ட், நனைந்த கையுறையைப் பிழிந்தபடி. "நாப்பத்தேழு தலையைக் கொண்டு போனேன், நாப்பத்தேழு தலையைக் கொண்டு வந்து சேர்த்துட்டேன்."

"போகும்போது நாப்பத்தெட்டும் சிவப்பாச்சு. நான் பார்த்தேன்."

"அப்ப எனக்கு எண்ணத் தெரியலைங்கறியா? முப்பது வருஷமா இந்தத் தீவுகளுக்கு ஆடு ஏத்தினவன்டி நான். ஆடாவது நிக்காம ஓடும். உன் படிச்ச கூட்டம் பிடிச்சு வெச்ச மாதிரி உட்கார்ந்திருந்துச்சு."

பலகையைப் பார்த்ததும் பயணத் தலைவர் ஸ்ட்ரூவனின் முகம் மாறியது. அவர் முகம் ஏன் மாறியது என்று இங்காவுக்குத் தெரியும். போன வருடம் வேறொரு கப்பல், இதேபோல் ஒரு ஆளைத் தீவில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் அந்த ஆள் பிணமாகத்தான் கிடைத்தார். அந்தக் கப்பலில் இதே பலகை வேலை பார்த்தவள் இங்காவின் தோழி. அதன்பிறகு அவளை எந்தக் கப்பலும் சேர்க்கவில்லை.

இங்கா பயணிகள் பட்டியலைப் புரட்டினாள். போன வருடமே செய்த முன்பதிவை வைத்து அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த பட்டியல்.

"முப்பத்தொண்ணு, ஜேம்ஸ் ரெண்டல். வயசு எழுபத்தொன்பது. பன்னிரண்டாம் அறை. முப்பது அவர் சம்சாரம், இசொபெல்."

"எழுபத்தொன்பதா? நாசமாப் போச்சு!" என்றார் ஸ்ட்ரூவன். "அஞ்சு மணிக்குப் புயல் காத்து தொடங்குது. கேப்டன் இப்பவே நங்கூரத்தை எடுக்கச் சொல்றார்."

ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. யாரையாவது கேட்கலாம் என்றால், எல்லோரும் அன்று காலைதான் கிர்க்வால் துறைமுகத்தில் ஏறியவர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

"எர்லண்ட், இன்னொரு ஆளைக் கூட்டிட்டுத் திரும்பப் போங்க," என்றார் ஸ்ட்ரூவன்.

"இந்த அலையிலயா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

எர்லண்ட் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஈரக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினார். ரப்பர் படகு ஒரு அலையில் ஏறி, அடுத்த அலைக்குப் பின்னால் காணாமல் போனது.

இங்கா பன்னிரண்டாம் அறைக்கு ஓடினாள். திருமதி ரெண்டலை அவளுக்கு நினைவிருந்தது. இறங்கும்போது கையில் பிஸ்கட் டப்பா வைத்திருந்த அம்மாள். பறவைத் தீவுக்குத் தின்பண்டம் கொண்டு போகக்கூடாது என்று தடுத்ததற்கு, "சாப்பிடற பொருள் இல்லம்மா," என்று சொல்லிவிட்டுப் போனவள். இறங்குமுன் கப்பலில், உடன் வந்த பேராசிரியர் அந்தத் தீவின் கலங்கரை விளக்கத்துக்கு நூற்றறுபது படி என்று பாடம் நடத்தியபோது, "நூத்தி எழுபத்தாறு. என் வீட்டுக்காரர் எண்ணியிருக்கார்," என்று திருத்தியவளும் அவள்தான்.

கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தாள். ஒரு கட்டிலில் கிழவி கண்மூடிக் கிடந்தாள். காது மெஷின் மேசைமேல் இருந்தது. இன்னொரு கட்டிலில் ஆண்கள் போடும் தொப்பி ஒன்று.

உலுக்கி எழுப்பினாள். கிழவி நிதானமாக மெஷினை மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டல் ஐயா எங்கேம்மா?"

"தீவுலதான்."

"தீவுலயா! உங்களோட வரலையா?"

"அவர் எப்படி வருவார்? கோபுரத்துக்குக் கீழே, கடல் பார்த்த பக்கம் விட்டுட்டு வந்தேன். அங்கேதான் இருக்கணும்னு அவருக்கு ஆசை."

"ஆசைப்பட்டா விட்டுட்டு வந்துடுவீங்களா? புயல் வருதும்மா!"

"புயல் அவரை என்ன பண்ணும்? பதினோரு வருஷம் அந்தக் கோபுரத்துல விளக்கேத்தின மனுஷன். அவர் பார்க்காத புயலா?"

இங்காவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என்ன கல்நெஞ்சு உங்களுக்கு! நிம்மதியா வந்து படுத்துத் தூங்கறீங்க. இங்கே ரெண்டு பேர் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு அவரைத் தேடிக் கடல்ல போயிருக்காங்க!"

கிழவி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். முதன்முறையாக அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

"அவரைத் தேடியா? ஐயோ கடவுளே! கூப்பிடு பொண்ணே, சீக்கிரம் கூப்பிட்டு அவங்களைத் திரும்பி வரச் சொல்லு!"

தலையணைக்குப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்தாள்.

"இறங்கற எல்லாரும் வில்லையைத் திருப்பணும்னு நீதானேம்மா காலையில கண்டிப்பா சொன்னே? சட்டம்னா சட்டம்னு வாழ்ந்தவர் அவர். அதான் அவருக்கும் சேர்த்து நானே திருப்பிட்டேன்," என்று டப்பாவை இங்காவிடம் நீட்டினாள்.

அடியில் ஒரு சிட்டிகைச் சாம்பல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.