எஞ்சினை இறக்க வேண்டாம்

அந்தக் கார் வெள்ளையா, வெயிலில் வெளுத்த சாம்பலா என்று இன்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. மெக்கானிக் சொன்ன தொகையும் மறந்துவிட்டது. யார் முதலில் பேசினார்கள் என்பதில்கூடச் சந்தேகம் உண்டு. ஆனால் பேசியது இதுதான்.

"சார், வண்டி ஆயில் குடிக்குது. கொஞ்சநஞ்சம் இல்ல, மொடாக்குடி," என்றான் மெக்கானிக், பழைய பனியன் துணியில் கையைத் துடைத்தபடி. "உள்ள ரிங் எல்லாம் தேஞ்சாச்சு. எஞ்சினை இறக்கி வேலை பாக்கணும். கிளட்ச்சும் புதுசு போடணும்."

ஸ்டோர் கீப்பர் சைலன்சரிலிருந்து வந்த நீலப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் முப்பது வருடம் உதிரிபாகங்களை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கக்கத்தில் ஆஸ்பத்திரியின் பெரிய காகித உறை. அங்கிருந்து திரும்பும் வழியில்தான் வண்டி புகைய ஆரம்பித்திருந்தது.

பின் சீட்டில் அவர் மனைவி, கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை.

"உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டான் மெக்கானிக்.

"வயித்துல புண்ணாம் தம்பி. டாக்டர் இவரை மட்டும் உள்ள கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். ஊசியிலயே ஆறிடுமாம். ஆமா, எஞ்சினை இறக்கினா எத்தனை வருஷம் ஓடும்?"

"அஞ்சு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

"இவர் கண்ணைத் தொறந்து ஓட்டுறப்பவே எனக்கு உசிரு போயி உசிரு வருது. நீ வேற!"

மெக்கானிக் சிரித்தான். ஸ்டோர் கீப்பர் சிரிக்கவில்லை.

"செஞ்சிடலாங்க," என்றார் மனைவி. "வாரம் ரெண்டு தடவை ஊசிக்குப் போகணும். பஸ்ல ஏறினா குடலைப் பொரட்டுது. இந்த சீட்டுலதான் முதுகு ஒட்டுது."

"பொறு. செலவு பண்ணினா அதுக்கேத்த உபயோகம் இருக்கணும்."

"ஆரம்பிச்சாச்சு! தம்பி, இவர் மில்லுல, கழிச்சுக் கட்டப்போற மிஷினுக்கு ஒரு நட்டுகூட வெளிய விடமாட்டார். பழைய வீட்டைக் காலி பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி குழாய் ஒழுகிச்சு. ஒரு வாஷர் மாத்தினாரான்னு கேளு. ரெண்டு மாசமும் நான் பக்கெட் வச்சுப் பிடிச்சேன்."

"அப்படின்னா வித்துடுங்க சார்," என்றான் மெக்கானிக். "இன்னைக்கு ஓடுற வண்டின்னு ஒரு விலை கிடைக்கும். நின்னுபோச்சுன்னா எடைக்குத்தான் போடணும்."

"விக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு வேணும்." ஸ்டோர் கீப்பர் குனிந்து பானெட்டுக்குள் பார்த்தார். "வேலை எதுவும் பாக்காம, ஆயில் மட்டும் ஊத்தி ஊத்தி ஓட்டினா எவ்வளவு நாள் வரும்?"

மெக்கானிக் எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான். "மெதுவா ஓட்டினா ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாளுக்கும் நான் பொறுப்பில்ல."

"ஆறு நிச்சயமா வருமா?"

"வரும்."

"அது போதும். எஞ்சினை இறக்க வேண்டாம்."

மெக்கானிக் பானெட்டைத் தட்டினான். "அட, அப்ப புது வண்டிக்குச் சொல்லி வச்சாச்சு! வீட்டம்மாகிட்டகூட மூச்சு விடலையே நீங்க!"

மனைவியின் முகம் மலர்ந்தது. "இவரா? எனக்குத் தெரியாம ஒரு கைக்குட்டைகூட வாங்கினதில்லையே. ஏங்க, நெஜமாவா? என்ன கலருங்க?"

"புது வண்டியெல்லாம் இல்ல," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"அப்ப ஏழாவது மாசம் எதுல சார் போவீங்க?"

"அப்போ தேவைப்படாது."

முப்பது வருடப் பழக்கம், யோசிக்காமல் வந்துவிட்ட பதில். சொன்ன பிறகுதான் உறையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். மெக்கானிக் எஞ்சினை அணைத்தான். நீலப் புகை மெல்லக் கலைந்தது.

மனைவி வெளியே நீட்டியிருந்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது.

"ஏங்க," என்றார். "டாக்டர் எனக்கு எத்தனை மாசம்னு சொன்னார்?"

கார் ஐந்தாம் மாதமே நடுரோட்டில் நின்று, எடைக்குப் போனது. மெக்கானிக் அதன் பிறகு எந்த வண்டிக்கும் மாதக் கணக்குச் சொல்வதில்லை. ஸ்டோர் கீப்பர் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தார். மனைவி இரண்டே கால் வருடம் உயிரோடு இருந்தார். ஒரு நாள்கூட அந்தப் புது வண்டியில் ஏறவில்லை. வாரம் இரண்டு தடவை பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்டோர் கீப்பர் அந்தக் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு போவார்.