அடுப்பில் என்ன பழுது?

"இன்னும் வாரண்டி இருக்குங்க சார்" என்றபடி, சாக்குக்குள் இருந்த கேஸ் அடுப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார் பிச்சைமுத்து.

பெரம்பலூர் கடைவீதியில் வீட்டுச் சாமான் கடை நடத்தும் தமிழ்மாறனுக்கு எரிச்சலாக வந்தது. தை மாதம். கல்யாணச் சீர் எடுக்க வந்த கூட்டம் கடை கொள்ளாமல் நிற்கும்போதா இது?

வாரண்டி கார்டை வாங்கிப் பார்த்தார். 2003 ஆகஸ்டில் வாங்கியது; ஆறு மாதம்தான் ஆகிறது. பெயர் சத்யப்பிரியா, குன்னம்.

"யாரு, உங்க பொண்ணா?"

"ஆமாங்க. கல்யாணச் சாமான் பூரா உங்ககிட்டதான் எடுத்தோம். அரியலூர்ல கட்டிக் குடுத்தேன்."

"சரி, அடுப்புல என்ன கோளாறு?"

பிச்சைமுத்து தயங்கினார். "கேஸ் கசிஞ்சுதுன்னு மாப்பிள்ளை வூட்ல சொல்றாங்க. சாமானையும் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அடுப்பு பளபளவென்று இருந்தது. ஓரத்தில்கூடக் கரி பிடிக்கவில்லை.

"பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. சமைச்சவங்களுக்குத்தானே தெரியும்?"

"அதால வர முடியாதுங்க."

"இதப் பாருங்க பெரியவரே. கம்பெனி செஞ்சதுல குறை இருந்தாத்தான் மாத்திக் குடுப்பாங்க. கீழ போட்டது, வெளியாளு கழட்டுனது, இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது."

"யாரும் கழட்டலைங்க. எதுவா இருந்தாலும் கம்பெனி ஆளு ஒருதடவை பாத்துச் சொல்லட்டும். அது போதும்."

கம்பெனி மெக்கானிக் கண்ணையன் அன்று கடையில்தான் இருந்தார். அடுப்பை சிலிண்டரில் மாட்டி, இணைப்புகளிலும் திருகும் இடங்களிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். எங்கேயும் நுரை கிளம்பவில்லை. பற்ற வைத்தார். இரண்டு பர்னரும் நீலமாக நின்று எரிந்தன.

"ஒரு கோளாறும் இல்லை சார். புதுசாட்டம் இருக்கு."

"நல்லாப் பாருங்க தம்பி. கசியவே இல்லையா?"

"கசிஞ்சா சோப்புத் தண்ணி காட்டிக் குடுத்துரும்யா. இல்லவே இல்லை."

பிச்சைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகைச் சத்தம் வெளியே கேட்டது. சாமான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தமிழ்மாறனுக்கு என்னவோ போலாகிவிட்டது. புது அடுப்பு வேண்டுமென்று சம்பந்தி வீட்டார் பெண்ணைத் துரத்திவிட்டிருப்பார்கள். இந்த மனிதர் எந்த முகத்தோடு திரும்ப அங்கே போவார்?

பக்கத்தில் போய், குரலைத் தணித்துக்கொண்டார்.

"அழாதீங்கய்யா. எனக்கும் பொண்ணு இருக்கு. கேஸ் கசியுதுன்னே எழுதி நான் கம்பெனிக்கு அனுப்பிடறேன். புதுசு வந்துரும். கொண்டுபோய்க் குடுத்து, பொண்ண விட்டுட்டு வாங்க."

பிச்சைமுத்து பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, அப்படி எழுதிறாதீங்க சார்! நல்லா இருக்குன்னே எழுதிக் குடுங்க. போலீஸ்ல காட்டணும்."

"போலீஸ்லயா? எதுக்கு?"

"கேஸ் கசிஞ்சுதான் எம்பொண்ணு எரிஞ்சு செத்துப்போச்சுன்னு அவங்க சொல்றாங்க சார்."